எண்ணாமல் விட்ட வழிகள்

“ஒரு நொடிகூட லைன் நிற்கவில்லை” என்று நான் சொன்னது பொய்.

நின்றது. ஒன்பது நிமிடம் நின்றது. நிறுத்தியவன் நான். மூன்று பேர் வெவ்வேறு சமயங்களில் என்னிடம் நேராக வந்து கேட்டார்கள். மூன்று முறையும் மறைத்தேன். முகம் தெரியாத உங்களிடம் இப்போது சொல்ல முடிகிறது... எதிர்வீட்டில் இருப்பவளிடம் சொல்ல முடியவில்லை. இது என்ன வகைத் துணிச்சல்!

நான் எதையும் எண்ணுகிறவன். அது ஒரு வியாதி. பிறர் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். கொடியில் காயும் துணிகளை எண்ணுவேன். சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவேன். “ஒன்னு கொறஞ்சா என்ன, போலீஸ்லயா போயி சொல்லப் போறீங்க?” என்பாள் என் மனைவி. அவள் போனபின் கேலி செய்ய ஆளில்லை. எண்ணுவது மட்டும் கூடிவிட்டது.

தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இல்லை. அறந்தாங்கியில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனிக்காரர்கள், “சார், நீங்க வந்து மெஷின் ரூமப் பாத்துக்கிட்டா போதும்” என்று கூப்பிட்டார்கள். சும்மா இருந்தால் சுவரில் பல்லிகளை எண்ண வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியும்.

ஊருக்குள் இணையம் வருவது இரண்டு பெட்டிகளின் வழியாக. ரூட்டர் என்பார்கள். எந்தத் தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி சொல்வது அவற்றின் வேலை. ஒன்று படுத்தாலும் மற்றொன்று ஊரைத் தாங்கும். அவ்வப்போது இவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது பெட்டி அணைந்து எழும். ஆனால் ஊரில் ஒருவருக்கும் அது தெரியக் கூடாது. பேசிக்கொண்டிருப்பவர் பேச்சு அறுந்துவிடக் கூடாது.

ரேஷன் கடையில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பழுது பார்க்க வேண்டுமென்றால், முதலில் வரிசையை மெல்ல மற்றதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். முதலாவது ஆளில்லாமல் ஓய்ந்தபின் கழற்ற வேண்டும். அதைச் சரிசெய்து, எடை பார்த்து, வரிசையைத் திரும்ப அங்கே அனுப்பிய பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரே ஒரு இடத்தில்தான் ஏமாறுவோம். புதுப்பித்த பெட்டி எழுந்ததும் பச்சை விளக்கு எரியும். அதை நம்பக் கூடாது! தூங்கி எழுந்த பெட்டிக்கு வழிகள் மறந்திருக்கும். பக்கத்து ஊர், சென்னை, கடல் கடந்த தேசங்கள் என்று பல லட்சம் வழிகளை அது மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். எத்தனை வழிகள் வந்து சேர்ந்தன என்று எண்ணிப் பார்த்து, பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டதென்று உறுதியான பிறகே அடுத்த பெட்டி.

எண்ணிப் பார்ப்பது... எனக்கென்றே வைத்த வேலை, இல்லையா?

இதைச் சரியாகச் செய்த நாளில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், சிரித்துக்கொண்டிருக்கும், படம் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மட்டும் ஏசி அறையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நல்லபடி செய்தால் நான் இல்லாதவன்! அந்த வேலையில் நான் பெருமைப்பட்டது உண்மை. அது என்னை அரித்ததும் உண்மை.

மற்ற ஊர்களில் இந்த வேலையை நடுச்சாமத்தில் செய்வார்கள். அறந்தாங்கியில் முடியாது. இங்கே வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில். அவர்கள் வேலை முடிந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடும்போது இங்கே ஊர் அடங்கியிருக்க வேண்டிய நேரம். அப்போதுதான் எங்கள் பெட்டிகள் மூச்சு முட்டும். விடிந்ததும் வேலைக்குக் கிளம்புமுன் மறுபடி கூப்பிடுவார்கள். காலை ஒன்பதுக்கு மேல்தான் ஓயும். ஆகவே நான் ஒரு விதி வைத்திருந்தேன். வேலை காலையில். ஆனால் வெள்ளிக்கிழமை கூடாது, அங்கே விடுமுறை. முகூர்த்த நாளும் கூடாது. கல்யாணம், காதுகுத்து என்றால் அங்கிருப்பவர்கள் வீடியோவில்தான் வந்து கலந்துகொள்வார்கள். மெஷின் அறையில் ஒரு தினசரிக் காலண்டரை ஆணியடித்து மாட்டினேன். திருச்சியிலிருந்து வந்த இன்ஜினியர் அதைப் பார்த்துச் சிரித்தார். “ராகு காலமும் பாப்பீங்களா சார்?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விதியை வைத்தவனும் நான்தான், மீறியவனும் நான்தான்.

நான் குடியிருப்பது ஒரு மாடி வீட்டில். எதிர்வீடு மலர்க்கொடியுடையது. அவள் கணவன் சரவணனுக்குப் பெயிண்ட் கடை. அவன் என்னை ‘சார்’ என்பான். அவள் ‘பெரியப்பா’ என்பாள். ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. அவளாக வைத்த முறை. மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எனக்கு வரும். அவளுக்கு ஒரே அண்ணன், முத்துக்குமார், கத்தாரில் கட்டட வேலை. அவள் மகன் கவினுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனுக்கோ லீவு இல்லை. புதுவீடு குடி புகுந்தபோதும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ‘செய்முறை என்றால் மாமன் ஒளிந்துகொள்கிறான்’ என்று சரவணன் பக்கத்துச் சொந்தங்கள் அப்போதே ஜாடை பேசின.

மலர்க்கொடி விடவில்லை. மாமன் வீடியோவில் வருவான், அவளுடைய சொந்தப் பெரியப்பா மகன் பழனி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கையில் போனைப் பிடித்திருப்பான், காது குத்துவது அண்ணன் கண் முன்னால்தான் என்று ஏற்பாடு. தோடு, பட்டு வேட்டி, எல்லாச் சீரும் மாமன் முன்கூட்டியே ஆள் மூலம் அனுப்பிவிட்டான். அன்று காலை ஒரு மணி நேரம் வேலையிடத்தில் அனுமதியும் வாங்கியிருந்தான்.

சரவணன் எனக்கும் பத்திரிகை கொண்டுவந்தான். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தான். நான் சட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன். எத்தனை நாள் கழித்து என் பெயர் எழுதிய ஒரு பத்திரிகை!

“கண்டிப்பா வந்துருங்க சார்.”

“வராம? மலர் வீட்டு விசேசமாச்சே.”

கீழே இறங்கப் போனவன் திரும்பினான்.

“சார், நீங்க மண்டபத்துக்கு வர முடியலன்னாக்கூடப் பரவால்ல. நெட்ட மட்டும் பாத்துக்கங்க. மச்சான் லைன்ல வந்தாகணும். அது போயிருச்சுன்னா மானம் போயிரும்.”

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இன்று புரிகிறது. அன்று...? பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆக, எனக்கு வைத்த வெற்றிலை எனக்கில்லை. என் பெட்டிகளுக்கு! வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

எழுபது வயதைத் தாண்டியவன் இதற்கா மனம் வெதும்புவது என்று நீங்கள் நினைக்கலாம். தனியாக இருந்து பாருங்கள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுதும் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். எதிர்த்துச் சொல்ல வீட்டில் இன்னொரு குரல் இருக்காது.

அன்று காலை மண்டபத்து ஒலிபெருக்கி தெருவரை கேட்டது. வேட்டி கட்டினேன். அவிழ்த்துவிட்டுப் பேன்ட் போட்டுக்கொண்டு மெஷின் அறைக்குப் போனேன். அந்த வாரத்துக்குள் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள், ஏதோ பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வேண்டும் என்று திருச்சியிலிருந்து சொல்லியிருந்தார்கள். வாரத்தில் இன்னும் நாட்கள் இருந்தன. காலண்டர் என் முகத்துக்கு நேரே இருந்தது. முகூர்த்த நாள் என்று அச்சிட்டிருந்தது.

நான் தொடங்கினேன்.

முதல் பெட்டியில் இருந்ததை எல்லாம் இரண்டாவதற்கு மாற்றினேன். முதலாவதைப் புதுப்பித்தேன். அது அணைந்தது, எழுந்தது. பச்சை விளக்கு.

இன்னொரு திரையில் மண்டபத்தின் இணைப்பு தெரிந்தது. ஒரு மெல்லிய பச்சைக் கோடு. அதன் நடுக்கத்தில் முத்துக்குமாரின் முகம் கத்தாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். கத்தாரில் இருப்பவன்கூட அங்கே இருந்தான். இரண்டு தெரு தள்ளி இருந்த நான் மட்டும்தான் அங்கே இல்லை.

இருபது நிமிடம் நான் காத்திருக்கவில்லை. பதினோராவது நிமிடத்திலேயே இரண்டாவது பெட்டியைப் புதுப்பிக்கக் கட்டளை கொடுத்தேன். வழிகளை எண்ணவில்லை.

வாழ்நாள் முழுக்க முருங்கைக்காயை எண்ணியவன், அதை எண்ணவில்லை!

மறந்தேனா? சலிப்பா? இல்லை... அந்தக் கோடு அறுந்தால் யாராவது என்னைக் கூப்பிடுவார்கள், “சார், வாங்க சார், நீங்க வந்தாத்தான் ஆகும்” என்று பதறி ஓடி வருவார்கள் என்று உள்ளே ஏதோ ஒன்று ஆசைப்பட்டதா? எத்தனையோ முறை என்னை நானே கேட்டுவிட்டேன். ‘மறந்தேன்’ என்று சொல்லும்போது என் குரலை நானே நம்புவதில்லை.

இரண்டாவது பெட்டி அணைந்தது. முதலாவது பெட்டிக்கு உள்நாட்டு வழிகள் எல்லாம் வந்திருந்தன. கடல் கடந்த வழிகள் இன்னும் வரவில்லை. படம் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டோடு பேசியவர்கள் ஊரில் மிகச் சிலர். மண்டபம் தவிர மற்றவர்கள் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டிருப்பார்கள். மண்டபத்துப் பச்சைக் கோடு சட்டென்று தரையில் படுத்தது.

பின்வாங்க வழியில்லை. அணைந்த பெட்டி தானாக எழும்வரை, அல்லது எழுந்த பெட்டி தானாகக் கற்றுக்கொள்ளும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கைபேசியை மேசைமேல் எடுத்து வைத்தேன். கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒன்பது நிமிடம் கழித்துக் கோடு எழுந்தது. ஆனால் முன்போல இல்லை. கத்தார் இல்லாத வெறும் மண்டபத்தின் கோடு.

திருச்சிக்குத் தகவல் எழுதினேன். ‘இரண்டு பெட்டிகளும் புதுப்பிக்கப்பட்டன. சேவையில் தடை இல்லை.’ சற்று நேரத்தில் முதலாளி போனில், “பிரமாதம் சார், ஒரு கம்ப்ளைன்ட்கூட வரல!” என்றார்.

மாலையில் சரவணன் வந்தான். பட்டு வேட்டியைக்கூட மாற்றவில்லை. மேலே ஏறி வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“சார், காலையில நெட்டு போச்சா?”

“ஏன்?”

“மைக்குல தாய்மாமன் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க சார். ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு. போன்ல பாத்தா மச்சான் வாயத் தொறந்தபடி அப்படியே நிக்கிறாரு. அப்பறம் சக்கரம் சுத்துது. அப்பறம் அதுவும் இல்ல. மொபைல் டேட்டா அந்தக் கூட்டத்துல எங்கிட்டு வருது? இவ வேற ‘நிறுத்துங்க, எங்கண்ணன் வரட்டும்’னு நிக்கிறா. பெருசுக எல்லாம் நேரம் போகுதுன்னு சத்தம். எங்க சித்தப்பா மைக்கப் புடுங்கி, ‘செய்மொறன்னதும் மாமனுக்கு மூச்சே நின்னுபோச்சுடோய்!’ங்கிறாரு. மண்டபமே சிரிக்குது சார். இவ அழுதுக்கிட்டே புள்ளயக் குடுத்தா. பழனி மடியிலயே குத்தியாச்சு.”

நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சாயங்காலம் கூப்ட்டா, ‘ஒங்க பக்கந்தான் நெட்டு போச்சு, நான் விடாம அடிச்சேன், குடுத்த நேரம் முடிஞ்சுருச்சுன்னு சூப்பர்வைசர் வந்து போன வாங்கி வச்சுட்டான்’ங்கிறாரு. அதான் கேக்குறேன். போச்சா சார்?”

இங்கேதான்... இந்த இடத்தில்தான் நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். ‘ஆமாம்.’ இரண்டெழுத்து மூன்றெழுத்து என்று எண்ணக்கூட நேரமாகாத ஒரு சொல்.

“ஒரு நொடிகூட நிக்கலயே” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். “அப்ப நான் நெனச்சது சரிதான்” என்று இறங்கிப் போனான்.

அதன்பின் அந்த வீட்டில் நடந்த சண்டையை நான் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சன்னல் எதிர் எதிராக இருக்கிறது. “நெட்டு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க, ஒரு நொடிகூட நிக்கலன்னு! அவரு பொய் சொல்ற ஆளு கெடயாது! நீதான் கட் பண்ணிருக்க!” என்று மலர்க்கொடி போனில் கத்தியது கேட்டது. நான் பொய் சொல்கிற ஆள் கிடையாதாம்... அவள் அண்ணன் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்காது. அவள் போனைக் கட்டிலில் எறிந்தது கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கத்தாரிலிருந்து மணி அடிக்கவில்லை.

ஒரு நாள் பிற்பகலில் அவளே மேலே வந்தாள். கையில் வழக்கமான கிண்ணம். கவின் இடுப்பில் இருந்தான். காதில் மாமன் அனுப்பிய தோடு.

“பெரியப்பா, ஒன்னு கேக்கட்டா? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“கேளும்மா.”

“அன்னைக்கு லைன்ல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா? ஒரு நிமிசம்?”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

“அர நிமிசம்? கால் நிமிசமாச்சும்? இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க பெரியப்பா. அத வச்சு நான் எங்கண்ணன்கிட்டப் பேசிக்கிறேன்.”

என் கையில் ஒன்பது நிமிடம் இருந்தது. அவள் கேட்டது கால் நிமிடம்!

இருந்தது என்றால், சரவணனிடம் ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்பாள். திருச்சிக்கு அப்படி எழுதிவிட்டேன் என்றால், ஏன் எழுதினீர்கள் என்பாள். முகூர்த்த நாளில் ஏன் தொட்டீர்கள், ஏன் எண்ணவில்லை... ஒவ்வொரு ‘ஏன்’ ஆக இறங்கினால் கடைசியில் அந்த வெற்றிலை பாக்கில் போய் நிற்க வேண்டும். ‘என்னைக் கூப்பிட்டது போதவில்லை அம்மா’ என்று ஒரு கிழவன் தன் மகள் வயதுப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

“இல்லம்மா” என்றேன்.

“சரிங்க பெரியப்பா” என்று கிண்ணத்தை மேசையில் வைத்தாள். “எண்ணிப் பாத்துச் சாப்புடுங்க, ஆறு துண்டு போட்டுருக்கேன்” என்று சிரிக்கப் பார்த்தாள். அவளுக்கு என் வியாதி தெரியும். அந்தக் குழம்பை நான் சாப்பிட்டேன். அதையும் ஒளிக்கவில்லை... சாப்பிட்டேன்.

அடுத்த ஆண்டு முத்துக்குமார் ஊருக்கு வந்தான். திருவரங்குளத்துப் பக்கம் இருக்கும் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டான். தங்கை வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஒரு நாள் என் மெஷின் அறைக்கு வந்தான். வெயிலில் கறுத்த, மெலிந்த ஆள். உள்ளே வரச் சொன்னால்தான் வருவேன் என்பதுபோல வாசலிலேயே நின்றான்.

“அய்யா, அன்னைக்கு நான் பதினாலு தடவ அடிச்சேன். போன்ல இன்னும் இருக்கு. ஒங்க மெஷின்ல பாத்தா என்ன நடந்துச்சுன்னு தெரியுமாமே?”

பதினான்கு. எண்ணி வைத்திருக்கிறான்! என்னைப்போல ஒருவன்...

“அவ்வளவு நாள் ஆனதெல்லாம் இப்ப பாக்க முடியாது தம்பி” என்றேன். பாதி உண்மை. மெஷினில் இல்லை. எனக்குள் இருக்கிறது.

“சரிங்கய்யா. நான் கட் பண்ணலன்னு எனக்குத் தெரியும். அது கெடக்கு.” கொஞ்சம் தயங்கினான். “ஒங்க எதிர்வீடுதானே... பய எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான். ஓடுறான். பதினாறு பல்லு மொளச்சிருச்சு.”

“பதினாறா!” என்றான். முகம் மலர்ந்துவிட்டது. “கடவாப் பல்லுமா?”

“நாலும் வந்துருச்சு.”

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சண்டைக்குப் பிறகு மருமகனைப் பற்றி அவனுக்குக் கிடைத்த முதல் செய்தி அது. கொடுத்தவன் நான்! கும்பிட்டுவிட்டுப் போனான். போகும்போது தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்தான். “ஏதாச்சும் ஞாபகம் வந்தா ஒரு வார்த்த சொல்லுங்கய்யா” என்றான். சந்தேகப்பட்டானா? தெரியவில்லை. அந்த நம்பர் இன்னும் இருக்கிறது. சில நாள் எடுத்துப் பார்ப்பேன். வைத்துவிடுவேன்.

இந்த ஆண்டு மலர்க்கொடிக்கு இரண்டாவது பிள்ளை, பெண். மறுபடி காதுகுத்து. சரவணன் பத்திரிகையோடு வந்தான். நான் பிரித்துப் பார்த்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் பழனியின் பெயர் அச்சாகியிருந்தது. கீழே, மேலே, பின்பக்கம் என்று எல்லாப் பெயர்களையும் எண்ணினேன். முப்பத்தொன்று. முத்துக்குமார் அதில் இல்லை.

“சார், இந்தத் தடவ நெட்டு, கிட்டு ஒன்னும் வேணாம்” என்று சரவணன் சிரித்தான். “நீங்க ஒரு வேலையும் பாக்க வேணாம். சும்மா வந்து மொத வரிசையில உக்காந்து, நல்லாச் சாப்புட்டுப் போகணும். மலரு கண்டிப்பாச் சொல்லச் சொன்னா.”

எனக்கே எனக்கு வந்த பத்திரிகை. நான் அன்று ஏங்கியது எதற்கோ, அது அப்படியே, ஒரு குறையும் இல்லாமல் கைக்கு வந்திருந்தது.

போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பழனி மடியில் பெண் குழந்தை வீறிட்டது. மலர்க்கொடி குழந்தையைப் பார்க்கவில்லை. பழனியின் காலி இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு அந்தக் கையில்தான் போன் இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பெரியப்பா, பந்திக்கு வாங்க” என்றாள்.

எழுந்து போய்ச் சாப்பிட்டேன். இலையில் எத்தனை வகை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நேற்றுக் காலை பெட்டிகளுக்கு மறுபடி புதுப்பிப்பு வேலை. காலண்டரைப் பார்த்தேன், முகூர்த்தமில்லை. முதல் பெட்டி எழுந்ததும் முழுதாக அரை மணி நேரம் காத்திருந்தேன். வழிகளை எண்ணிப் பார்த்தேன். சந்தேகம் வந்து இன்னொரு முறை பார்த்தேன். எல்லாம் வந்திருந்தன. கத்தாருக்குப் போகும் வழியும் இருந்தது. அதன் பிறகே இரண்டாவதைத் தொட்டேன்.

ஒரு நொடிகூட நிற்கவில்லை. இது சத்தியம். ஆனால் இதை என்னிடம் கேட்க ஒருவரும் வரவில்லை.